வாய்ப்புற்றுநோய்க்குப் பின் வாய் மீளமைப்பு: தென்னகத்திலிருந்து ஒரு வரலாறு

வாய் மீளமைப்பு என்பது, புற்றுநோய்க்காக நாக்கு, கன்னம், தாடை, அண்ணம் ஆகியவற்றில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பின், உடலின் வேறோர் இடத்துத் தோல், தசை, எலும்பு கொண்டோ செயற்கைத் தட்டு கொண்டோ அந்த இடத்தை நிரப்பி, நோயாளி மறுபடி உண்ணவும் விழுங்கவும் பேசவும் வழி செய்யும் மருத்துவம். இது ஒட்டுறுப்பு அறுவை, பல் மருத்துவம், பேச்சுப் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்த துறை. இன்று பெரிய மருத்துவமனைகளில் கட்டியை அகற்றும் அறுவையும் மீளமைப்பும் ஒரே மயக்கத்தில், ஒரே நாளில் நடக்கின்றன. இந்த நிலைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள எங்கள் வன்னியம்பட்டிப் பக்கத்தில் இந்த நோய் புதிதல்ல. வெற்றிலையும் சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் சேர்த்துக் கடவாயில் அடக்கிக்கொண்டே களையெடுக்கும் பெண்களையும், இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலைத் துணுக்கைக் கொடுப்பில் ஒதுக்கும் மில் தொழிலாளர்களையும் பார்த்தே வளர்ந்தோம். என் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு 1970களில் கன்னத்தில் அறுவை நடந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் கன்னத்தில் விழுந்த ஓட்டை மூடப்படவில்லை. குடித்த கஞ்சி அந்த வழியே வெளியே வரும். முந்தானையை அதில் அழுத்திக்கொண்டு, பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். பிறகு அவர் எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காரவில்லை. அவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை அந்தக் காலத்து அளவில் வெற்றி என்றே எழுதப்பட்டிருக்கும். நோய் திரும்பவில்லை அல்லவா?

அந்த ஓட்டையை மூடும் கலையை உலகுக்குக் கொடுத்தது இந்தியாதான். வாய்ப்புற்றுநோயை உலகிலேயே மிக அதிகமாகப் பார்த்த மருத்துவமனைகளில் ஒன்றும் நம் தென்கோடியில்தான் இருந்தது. கலையும் நோயும் ஒரே நாட்டில் இருந்தும், ஒன்று மற்றொன்றுக்குப் பயன்பட நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

மூக்கிழந்த வண்டிக்காரர்

சுசுருத சம்கிதையில் அறுந்த காதுமடலையும் மூக்கையும் உதட்டையும் சீராக்கும் முறைகள் சொல்லப்பட்டுள்ளன. மூக்குக்கு வேண்டிய தோலை, ஓர் இலையால் அளவெடுத்து, கன்னத்திலிருந்து எடுக்கச் சொல்கிறது அந்நூல். நெற்றியிலிருந்து எடுக்கும் வழக்கம் பின்னாளில் வந்தது. அது ஏட்டில் இல்லாமல் கைத்தொழிலாகத் தலைமுறை தலைமுறையாய் இருந்திருக்கிறது.

அதை உலகம் அறிந்தது ஒரு மாட்டுவண்டிக்காரரால். 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தான் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஓராண்டு காலம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் உடனிருந்து பார்த்தார்கள். செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் வந்தது.

செய்முறை எளிமையானது. மெழுகில் மூக்கு செய்து முகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் பரப்பிக் கோடு இழுப்பார்கள். கோட்டின்படி தோலை உரித்து, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பாலம் மட்டும் அறுக்காமல் விட்டு, அதைத் திருகிக் கீழே இறக்கிப் பொருத்துவார்கள். இரத்தம் அந்தப் பாலத்தின் வழியே ஓடிப் புதுத் தோலை வாழவைக்கும். சுமார் 25ஆம் நாள் பாலத்தை அறுத்துவிடலாம். தையல் கிடையாது. ஒட்டுவதற்கு வைத்தது காசுக்கட்டி. தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு துண்டு வைத்தார்கள். வெற்றிலையோடு நம்மவர்கள் மெல்லும் அதே காசுக்கட்டிதான். வாயைக் கெடுக்கும் செல்லப்பெட்டியிலிருந்து முகத்தைச் சீராக்கவும் ஒரு பொருள் போயிருப்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்பவர் இதைப் பயின்று 1814இல் செய்து பார்த்தார், 1816இல் நூலாக வெளியிட்டார். ‘இந்திய முறை’ என்ற பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. இதில் கவனிக்க வேண்டியது, இரத்த ஓட்டம் அறாத தோல் எங்கே திருப்பி வைத்தாலும் பிழைக்கும் என்ற அடிப்படை. இப்படி இரத்தக் குழாயோடு நகர்த்தப்படும் தோலை மருத்துவர்கள் ஃபிளாப் என்பார்கள். இக்கட்டுரையில் மடல் என்று சொல்வோம்.

நெய்யூர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணி தொடங்கியது. மேற்கத்திய மருத்துவர்கள் தம் நாட்டில் எப்போதாவது பார்த்த கன்னப் புற்றுநோய் இங்கே வரிசையில் நின்றது. 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பென்டால் என்பவர் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றித் தொகுத்து எழுதினார். ஃபெல்ஸ் என்பவர் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைகளை ஆராய்ந்தார். நூறாண்டுக்கு முன்பு, மின்விளக்கும் இரத்தம் ஏற்றும் வசதியும் இல்லாத காலத்தில் 209 அறுவைகள்!

எவரெஸ்ட் ஏறச் சென்ற 1922, 1924 பயணக் குழுக்களில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல், மலையை விட்டு இறங்கி நெய்யூருக்கு மருத்துவராக வந்தார். அவர் காலத்தில் நெய்யூரில் ரேடியம் சிகிச்சையும் நடந்தது. அதே மருத்துவமனையின் இயன் ஆர் 1933இல் லான்செட் இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். புகையிலை சேர்த்த வெற்றிலையை வாயில் அடக்கும் பழக்கத்தையும் நோயையும் இணைத்துக் காட்டிய முன்னோடிக் கட்டுரைகளில் அது ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உறுதி செய்தது 2004இல்தான்.

காரணம் தெரிந்தது. வெட்டவும் தெரிந்தது. வெட்டிய இடத்தை என்ன செய்வது? மீதமுள்ள கன்னத்தை இழுத்துத் தைப்பதுதான் பெரும்பாலும் செய்ய முடிந்தது. இழுத்துத் தைத்தால் வாய் திறக்காது. தைக்காமல் விட்டால் ஓட்டை. பெரிய கட்டியை முழுதாக எடுக்கவே மருத்துவர் தயங்குவார், ஏனென்றால் எடுத்தபின் மூட வழியில்லை. ஆகவே மீளமைப்பு இல்லாமை என்பது அழகுக் குறைவு மட்டுமில்லை. நோயைத் தைரியமாக வெட்ட முடியாமல் போனதற்கும் அது ஒரு காரணம்.

சென்னை: கதிரும் கத்தியும்

சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவர் மகன் டாக்டர் சு. கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். இருவரும் சேர்ந்து 1959இல் வாய்ப்புற்றின் காரணிகள் பற்றிப் பிரிட்டிஷ் இதழில் எழுதினார்கள். 1957இல் அங்கே கோபால்ட் கதிர்க் கருவி வந்தது.

கதிர்ச் சிகிச்சை பல உயிர்களைக் காத்தது. ஆனால் மீளமைப்புக்கு அது ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. கதிர் பட்ட தசை இறுகிப்போகும், இரத்த ஓட்டம் குறையும், தைத்தால் கூடாது. உமிழ்நீர் வற்றும். பக்கத்துத் தோலை இழுத்து மூடுவது இன்னும் கடினமாயிற்று. கதிர் படாத இடத்திலிருந்து, நல்ல இரத்த ஓட்டமுள்ள தசையைக் கொண்டுவந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

நெற்றி, நெஞ்சு, முன்கை, கால்

1963இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் மக்ரெகர், காதோரம் ஓடும் இரத்தக் குழாயை நம்பி நெற்றித் தோல் முழுவதையும் எடுத்து, கன்னத்துக்குள் வழி செய்து வாய்க்குள் இறக்கினார். கவாஸ்ஜியின் நெற்றி மறுபடி வந்துவிட்டது, இம்முறை வாயின் உட்புறச் சுவராக. இந்திய மருத்துவமனைகளிலும் இது கையாளப்பட்டது. கன்னம் மூடியது. ஆனால் நெற்றியில் தொடைத்தோல் ஒட்டிய பெரிய தழும்பு, திருநீறு பூசினாலும் மறையாமல், ஆயுள் முழுவதும் நிற்கும்.

1965இல் அமெரிக்காவின் பக்காம்ஜியான், தோள்பட்டைக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட தோலைக் கழுத்துக்கும் வாய்க்கும் கொண்டுவந்தார். இதற்கு மூன்று வாரம் கழித்து இரண்டாவது அறுவை வேண்டும். அதுவரை நோயாளி தோளும் முகமும் ஒட்டியபடி இருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது 1979. யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஆரியன், மார்புத் தசையையும் அதன்மேல் உள்ள தோலையும் ஒன்றாகத் தூக்கி, கழுத்தெலும்பின் மேலே, கழுத்துத் தோலின் கீழே நுழைத்து வாய்க்குக் கொண்டுபோகலாம் என்று காட்டினார். ஒரே அறுவை. நுண்ணோக்கி வேண்டாம், சிறப்புக் கருவி வேண்டாம். கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுத்தபின் திறந்து கிடக்கும் பெரிய இரத்தக் குழாயையும் அந்தத் தசை போர்த்திக் காக்கும். மாவட்டத் தலைநகர் அளவிலுள்ள மருத்துவமனையிலும் செய்ய முடிந்ததால், மேல்நாட்டில் இதன் பயன்பாடு குறைந்த பின்னும் இந்தியாவில் இன்றும் ஆயிரக்கணக்கான வாய்களை மூடுவது இந்த மார்பு மடல்தான். இதைப் பழசு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. குறைகள் இருக்கின்றன. தசை பருமனாக இருப்பதால் நாக்கு அசைய இடம் குறையும். ஆண்களுக்கு நெஞ்சு முடி வாய்க்குள் வளரும். பெண்களுக்கு மார்பின் வடிவம் மாறும். இதை அறுவைக்கு முன்பே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த படி, மடலைப் பாலமே இல்லாமல் முழுக்க அறுத்தெடுத்து, அதன் இரத்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைப்பது. குழாயின் விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். நூல் தலைமுடியைவிட மெல்லியது. சீனாவில் யாங் குவோஃபான் குழு 1981இல் வெளியிட்ட முன்கை மடலை, 1983இல் கிளாஸ்கோவின் சௌட்டார் வாய்க்குப் பயன்படுத்தினார். முன்கைத் தோல் மெல்லியது, மடங்கக்கூடியது. பாதி நாக்கு போனவருக்கு இதைவிட ஏற்ற துணி கிடையாது. கைக்குச் செல்லும் இரண்டு தமனிகளில் ஒன்றை எடுத்துவிடுவதால், மற்றொன்று மட்டும் கையை வாழவைக்குமா என்று மணிக்கட்டை அழுத்திப் பார்த்த பிறகே எடுப்பார்கள்.

தாடையெலும்பு போனால் தோல் மட்டும் போதாது. கீழ்த்தாடையின் முன்பகுதி இல்லையென்றால் உதட்டுக்குத் தாங்கல் இல்லை, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ தனியாக வெட்டி வைத்தால், எச்சில் படும் இடத்தில், அதுவும் கதிர் பட்ட இடத்தில், இரத்த ஓட்டமில்லாமல் அழுகிவிடும். கீழ்க்காலில் உள்ள இரண்டு எலும்புகளில் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலா இதற்கு விடையாயிற்று. உடல் எடையைத் தாங்குவது மற்றொன்று என்பதால், முழங்காலருகிலும் கணுக்காலருகிலும் சிறிது விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுக்கலாம், நடக்கலாம். மெல்போர்னின் இயன் டெய்லர் 1975இல் இதை இரத்தக் குழாயோடு எடுத்துக் கால் முறிவுக்கு வைத்தார். நியூயார்க்கின் டேவிட் இடால்கோ 1989இல், அதைத் துண்டு துண்டாக அறுத்து வளைத்துத் தாடையாக்கியதை வெளியிட்டார். தச்சர் வளைவு வாங்குவதற்குப் பலகையில் முக்கோணம் முக்கோணமாக அறுப்பாரே, ஏறத்தாழ அதே வேலை. ஒரு குழு வாயில் கட்டியை எடுக்கும்போதே இன்னொரு குழு காலில் எலும்பை எடுக்கும். எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மூன்று நாள், மடலின் நிறத்தையும் சூட்டையும் மணிக்கொரு முறை செவிலியர் பார்க்க வேண்டும். கருத்தாலோ வெளுத்தாலோ உடனே அறுவைக் கூடம். இந்தக் கண்காணிப்புக்கு ஆள் இல்லாத இடத்தில் எத்தனை திறமையான மருத்துவர் இருந்தும் பயனில்லை.

தட்டு வைத்த அண்ணம்

மேல்தாடையை எடுத்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பு இல்லாமல் போகும். இதற்கு அடைப்புத் தட்டு வைக்கும் வழக்கம் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அம்புரோஸ் பரே உலோகத் தட்டு செய்திருக்கிறார். உலகறிந்த நோயாளி சிக்மண்ட் ஃபிராய்ட். 1923இல் ஹான்ஸ் பிக்லர் அவருடைய மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்துத் தட்டு வைத்தார். 1939இல் இறக்கும் வரை முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள். அந்தத் தட்டு அவர் வீட்டில் ‘அரக்கன்’ என்றே அழைக்கப்பட்டது. மனிதர் சுருட்டை விடவில்லை.

இன்று நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் துறையினர் அக்ரிலிக்கில் இதைச் செய்கிறார்கள். எந்த மடலையும்விட விலை மலிவு. கழற்றி உள்ளே பார்க்க முடிவதால் நோய் திரும்பினால் கண்டுபிடிப்பதும் எளிது.

எழுத்துகளின் பிறப்பிடம்

தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பாடம் நடத்தும்போது, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை மாணவர்களை ஒப்பிக்கச் சொல்வேன். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வாய்ப்புற்று நோயாளிக்குப் பயிற்சி தருவதை உடனிருந்து பார்த்த அன்று, அது தேர்வுக்கான பட்டியல் மட்டுமில்லை என்று உறைத்தது.

அண்ணம் போனால் காற்று மூக்கில் ஏறும். வல்லினம் அப்படியே மெல்லினமாகும். ப என்றால் ம கேட்கும், ட என்றால் ண, த என்றால் ந. ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் ‘மாண்ணி’ என்று வரும். அடைப்புத் தட்டை மாட்டிய அந்த நிமிடமே வல்லினம் திரும்பிவிடும். நாக்கு நுனி போனவர்க்கு ட, ர, ழ மூன்றும் முதலில் போகும், த தேயும். உதடு மூடாதவர்க்குப் பகரமும் மகரமும் இல்லை. அடிநாக்கு போனவரின் கடினம் ககரத்தில் தெரியும், அவரே விழுங்கவும் அதிகம் திணறுவார். எந்த எழுத்து போயிற்று என்று கேட்டால் எந்த இடம் போயிற்று என்று சொல்லிவிடலாம். புது நாக்கு தானாக அசையாது. மீதமுள்ள நாக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகப் பழக வேண்டும். ழகரத்துக்குப் பதில் யகரமோ ளகரமோ வந்தாலும் கேட்பவர் புரிந்துகொள்வார் என்பதால், பயிற்சியாளர்கள் அதற்கு அவசரப்படுவதில்லை.

மூன்று விரல்

தன் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்க முடிந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று பொருள். அறுவையும் கதிரும் முடிந்தபின் பலருக்கு ஒரு விரல்கூட நுழையாது. என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவருக்குக் கன்னமும் கீழ்த்தாடையின் ஒரு பக்கமும் எடுத்து மார்பு மடல் வைத்தார்கள். அறுவை அருமையாக நடந்தது. ஆனால் வாய் திறக்கும் பயிற்சியைப் பற்றி அந்த இடத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கதிர் முடிந்து நான்கு மாதம் கழித்து, கரண்டி நுழையாத வாயோடு இருந்தவர், வேறோர் ஊரில் காட்டியபோதுதான் தெரிந்துகொண்டார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் நுழைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. பதினொரு குச்சியில் தொடங்கி அவர் பத்தொன்பதை எட்ட ஏழு மாதம் ஆயிற்று. முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் இந்தப் பாடு வேண்டியதில்லை.

விழுங்குவதிலும் பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. தண்ணீர்தான் எளிது என்று வீட்டார் தண்ணீரையே புகட்டுவார்கள். தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கூழ் பதம்தான் முதலில் பாதுகாப்பு. மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்திக்கொண்டு விழுங்கச் சொல்வார்கள். மூக்குவழிக் குழாய் எடுத்த பிறகு அந்த ஆசிரியர் முதன்முதலாக ருசித்துச் சாப்பிட்டது, கேழ்வரகுக் கூழுக்கு அடுத்தபடியாக, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அதைப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள்.

2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1,35,000 பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிறகு, ஏழைகளுக்கும் புற்றுநோய் அறுவை எட்டும் தூரத்துக்கு வந்தது. கடைசிப் படியான பல் கட்டுவதற்கு மட்டும் இன்னும் மிகச் சிலரே வருகிறார்கள். வைத்த கால் எலும்பு தாடையோடு கூட வேண்டும், கதிரின் தாக்கம் அடங்க வேண்டும், பிறகே அதில் திருகாணி பதித்துப் பல் பொருத்தலாம். அதற்குள் ஓராண்டு கூட ஆகிவிடும். பேருந்துச் செலவும் பல்லின் செலவும் மிரட்டும், ‘உயிர் இருக்கிறதே, போதும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்த ஆசிரியருக்கும் ஒரு பக்கம் பல் இல்லை. மறுபக்கத்தால் இட்லியை மென்று, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, சென்ற தை மாதம் என் பேத்தியின் காதுகுத்துப் பந்தியில் சாப்பிட்டார். எல்லாரும் எழுந்த பிறகும் அவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பரிமாறியவர்கள் இலையை எடுக்காமல் காத்திருந்தார்கள்.